பாரடேயை வளர்த்த வட்டம்

அறிவியல் வரலாற்றில் மைக்கேல் பாரடேயின் பெயர் ஒரு தனிமரமாக நிற்கிறது. பள்ளிப் படிப்பு மிகக் குறைவு, பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்ததில்லை, உயர்கணிதம் அறியார். அவ்வாறிருந்தும் மின்னியற் காலத்தின் அடித்தளக் கற்களுள் பலவற்றை அவரே நாட்டினார். ஆகவே, தாமே கற்றுத் தாமே உயர்ந்த மேதை என்று அவர் வாழ்வைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தச் சித்திரத்தில் ஒரு பகுதி விடுபட்டுப் போகிறது. பாரடேயின் இருபதாம் வயதுக்கும் முப்பதாம் வயதுக்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் அவரைச் சூழ ஒரு சிறு வட்டம் இருந்தது. பகலில் பிழைப்புக்கு உழைத்து, மாலையில் அறிவியல் பேசவும் எழுத்துப் பழகவும் கூடிய எளிய மனிதர்களின் வட்டம் அது. அவர்களுடைய பெயர்களை உலகம் மறந்துவிட்டது. பாரடே மறக்கவில்லை.

கொல்லர் வீட்டுப் பிள்ளை

1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், இலண்டனுக்குத் தெற்கே நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பாரடே பிறந்தார். தந்தை ஜேம்ஸ், வட இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கொல்லர், நோயாளி. வேலைக்குச் செல்ல இயலாத நாட்களே அவருக்கு மிகுதி. 1801இல் தானிய விலை ஏறியபோது, சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டி என்னும் அளவில் உணவு சுருங்கியது. எழுத்தும் எண்ணும் ஓரளவு கற்றதோடு பள்ளி முடிந்தது.

1804இல், பதின்மூன்றாம் வயதில், பிளாண்ட்போர்டு தெருவில் புத்தகக் கடையும் பைண்டிங் பட்டறையும் நடத்திவந்த ஜார்ஜ் ரீபோவிடம் மைக்கேல் ஏவலாளாகச் சேர்ந்தார். வாடகைக்கு விடும் செய்தித்தாள்களை வீடு வீடாகக் கொடுத்து, மீண்டும் வாங்கி வருவது அவர் வேலை. அடுத்த ஆண்டு, ரீபோ கட்டணம் எதுவும் பெறாமல் ஏழாண்டுப் பயிற்சிக்கு அவரைத் தொழிலில் சேர்த்துக்கொண்டார். தைத்துப் பசையிட்டுத் தோல் போர்த்த வந்த நூல்களைப் பையன் படிக்கலானான். முதலாளி தடுக்கவில்லை. ஜேன் மார்செட் அம்மையாரின் வேதியியல் உரையாடல் நூலும், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் மின்சாரக் கட்டுரையும் இவ்வாறு கைக்கு வந்தவையே. சில காசுகளுக்குப் பழைய கண்ணாடிக் குடுவை வாங்கி, உராய்வு மின்பொறி ஒன்றையும் செய்துகொண்டார்.

அக்காலத்தில் அவர் படித்த மற்றொரு நூல், சமயப் பாடலாசிரியராகப் புகழ்பெற்ற ஐசக் வாட்ஸ் மனத்தைச் செம்மைப்படுத்தும் வழிகள் குறித்து எழுதியது. படித்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக, சொற்பொழிவுகளுக்குச் செல்க, ஒத்த நாட்டமுடையோருடன் கடிதத் தொடர்பு கொள்க, கூடி விவாதிக்க ஒரு குழு தேடுக என்பன அந்நூல் காட்டும் நெறிகள். படிக்கும் பலரும் பாராட்டிவிட்டுக் கடந்து செல்லும் இவ்வறிவுரைகளை, அந்தப் பட்டறைப் பையன் வேலைப் பட்டியலாக எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிறைவேற்றத் தொடங்கினான்.

ஒரு ஷில்லிங் கட்டணம்

பிளீட் தெருவை ஒட்டிய டார்செட் தெருவில் 53ஆம் எண் வீட்டில் வசித்தவர் ஜான் டேட்டம். வெள்ளிப் பாத்திர வேலை அவர் தொழில். இயற்கை அறிவியல் அவர் காதல். தம் வீட்டிலேயே இரவு எட்டு மணிக்கு அவர் சொற்பொழிவுகள் நடத்திவந்தார். கடைகளின் சாளரங்களில் ஒட்டியிருந்த விளம்பரத் தாள்களைப் பார்த்துப் பாரடே செய்தி அறிந்தார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். பயிற்சிக் காலத்துப் பையனிடம் அதற்கேது வழி? கொல்லுத் தொழிலை மேற்கொண்டிருந்த அண்ணன் ராபர்ட் தம் வருவாயிலிருந்து பணம் கொடுத்தார். 1810 பிப்ரவரி முதல் 1811 செப்டம்பர் வரை ஏறத்தாழப் பன்னிரண்டு சொற்பொழிவுகளை அவ்வாறு பாரடே கேட்டார். மின்சாரம், ஒளி, நீர்மங்கள், நிலவியல், வானியல் எனப் பல பொருள்கள் அங்கே பேசப்பட்டன. அந்த இடைக்காலத்தில்தான், 1810 அக்டோபரில், தந்தை காலமானார். வறுமை மிகுந்த அவ்வீட்டில் தம்பிக்கென ஒதுக்கிய ஷில்லிங்கை அண்ணன் வீண்செலவாகக் கருதவில்லை.

கேட்டவற்றை வீடு திரும்பியதும் விரிவாக எழுதினார் பாரடே. கருவிகளைப் படம் வரைய வேண்டியிருந்தது, வரையத் தெரியாது. ரீபோவின் வீட்டில் தங்கியிருந்த மாஸ்கெரியே என்னும் ஓவியர் தூரக்காட்சி வரையும் முறையைக் கற்பித்தார். கைம்மாறாக அவர் அறையைத் துடைத்தும் காலணிக்கு மெருகிட்டும் பாரடே பணிவிடை செய்தார். படங்களோடு கூடிய அக்குறிப்புகளைத் தம் கையாலேயே பைண்டு செய்து நான்கு தொகுதிகளாக்கி, முதலாளி ரீபோவுக்குக் காணிக்கையாக்கினார்.

டேட்டம் வீட்டில் கிடைத்தவற்றுள் பெரியது நட்பு. சொற்பொழிவு முடிந்து வெளியே வந்த பின்னும் பேச்சை நிறுத்த மனமில்லாத இளைஞர் சிலர் அங்கே ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். பெஞ்சமின் ஆபட் வணிக அலுவலகம் ஒன்றில் எழுத்தர். பாரடேயைவிட நல்ல பள்ளிக் கல்வி பெற்றவர். எட்வர்டு மக்ராத் மற்றொருவர். 1812 ஜூலையில் பாரடே ஆபட்டுக்குக் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். ஒரே நகரத்தில் வாழ்ந்து, அடிக்கடி சந்தித்துப் பேசியவர்கள் கடிதமும் எழுதிக்கொண்டது வியப்பாகத் தோன்றலாம். எண்ணத்தை வரிசைப்படுத்தவும் மொழியைச் செப்பமாக்கவும் வேண்டியே பாரடே அப்பழக்கத்தை வலிந்து மேற்கொண்டார். ஏழு அரைப்பென்னிச் செப்புக் காசுகளையும் துத்தநாக வில்லைகளையும் உப்புநீரில் நனைத்த தாள்களையும் அடுக்கி மின்னோட்டம் உண்டாக்கிய முதல் மகிழ்ச்சியை அவர் கொட்டித் தீர்த்தது அக்கடிதங்களில்தான். சோதனை வென்றதைச் சொல்ல ஒரு நண்பன் இருந்தான் என்பது எளிய செய்தி. அச்செய்தியின் அருமை, தனியே முயன்று பார்த்தவர்களுக்கே தெரியும்.

டேவியின் கூடம்

1812ஆம் ஆண்டு வசந்த காலத்தில், ரீபோவின் வாடிக்கையாளர் ஒருவர் தந்த அனுமதிச் சீட்டுகளால், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்பிரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்புப் பாரடேக்குக் கிடைத்தது. டேட்டம் வீட்டில் பழகிய முறையிலேயே குறிப்பெடுத்து, படம் வரைந்து, விரித்தெழுதி, பைண்டு செய்தார். அவ்வாண்டு இறுதியில் அந்நூலை டேவிக்கே அனுப்பி, அறிவியல் தொடர்பான வேலை ஏதேனும் தருமாறு வேண்டினார். பைண்டிங் தொழிலையே தொடர்வது நலம் என்பது டேவி முதலில் சொன்ன யோசனை. 1813 தொடக்கத்தில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் கைகலப்பில் ஈடுபட்டு வேலையிழக்க, மார்ச் முதல் நாள் அவ்விடம் பாரடேக்குக் கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங் ஊதியம். மாடியில் இரண்டு அறைகள்.

பாரடேயின் வரலாற்றை எழுதுவோர் பலர் இந்த நிகழ்ச்சியையே திருப்புமுனையாகக் கொள்வர். அது திருப்புமுனைதான். ஆயினும் டேவியின் கையில் போய்ச் சேர்ந்த அந்த நூலை எழுதும் ஆற்றல், வெள்ளி வேலைக்காரர் ஒருவரின் வீட்டில், ஒரு ஷில்லிங் இரவுகளில் உருவானது.

புதன்கிழமை மாலைகள்

டேட்டத்தின் வீட்டில் 1808 முதல் ஒரு சங்கம் இயங்கிவந்தது. சிட்டி பிலசாபிகல் சொசைட்டி என்பது அதன் பெயர். தத்துவம் என்ற சொல் அக்காலத்தில் இயற்கை அறிவியலையும் குறித்தது. முப்பது நாற்பது உறுப்பினர். அனைவரும் எளிய அல்லது நடுத்தர நிலையினர். ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேலை கிடைத்த அதே 1813இல், மக்ராத்தின் வழியாகப் பாரடே அச்சங்கத்தில் உறுப்பினரானார். பெரிய இடத்துக்குப் போனவர் சிறிய இடத்தை விட்டு விலகுவது உலகியல்பு. இவர் பெரிய இடத்துக்குப் போன பின்னரே சிறிய இடத்தில் முறையாகச் சேர்ந்தார்.

சங்கம் புதன்கிழமை மாலைகளில் கூடியது. ஒரு புதன் உறுப்பினர்களுக்கு மட்டும். ஒருவர் எழுப்பிய கேள்வியை எல்லோரும் விவாதிப்பர். அடுத்த புதன் நண்பர்களுக்கும் இடமுண்டு. உறுப்பினர் ஒருவர் அறிவியல் பற்றியோ இலக்கியம் பற்றியோ சொற்பொழிவாற்றுவார். முறை வரும்போது பேசத் தவறியவர் பத்தரை ஷில்லிங் தண்டம் கட்ட வேண்டும். கேட்பதற்கு மட்டுமே வருவேன் என்று எவரும் ஒதுங்கியிருக்க முடியாதபடி அவ்விதி காத்தது. கூச்சமுடையவரும் எழுந்து நின்றாக வேண்டும். தவறாகப் பேசினால் திருத்தப்பட்டாக வேண்டும்.

உறுப்பினராவதற்கு முன்னரும் பின்னரும் பிறர் பேசும் முறையைப் பாரடே கூர்ந்து நோக்கிவந்தார். 1813 ஜூனில் ஆபட்டுக்கு எழுதிய கடிதங்களில், சொற்பொழிவுக் கூடத்தின் ஒளியும் காற்றோட்டமும், பேசுபவரின் நடை, கருவிகளைக் காட்டும் முறை, கேட்போரின் கவனம் எனப் பலவற்றையும் ஆராய்ந்தார். எவ்வளவு சிறந்த பேச்சும் ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்பது அவர் முடிவு. பேச்சுக்கலையில் ஒருமுறையேனும் மேடையேறாத இருபத்தொரு வயது இளைஞர் கண்ட முடிவுகள் அவை. பிற்காலத்தில் அவரே அவற்றைக் கடைப்பிடித்தார்.

1813 அக்டோபரில் டேவியுடன் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் பயணமானார். வோல்ட்டா, ஆம்பியர் முதலிய பெருமக்களைக் காணும் பேறு வாய்த்தது. அதே பயணத்தில் அவர் ஏவலாளின் வேலையையும் செய்ய நேர்ந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். மனம் நொந்து ஆபட்டுக்கு எழுதிய கடிதங்கள் அந்நாளைய அவமதிப்புகளுக்குச் சான்று. அறிவின் உச்சியில் இருந்தோர் வீட்டில் அவர் தாழ்ந்தவர். டார்செட் தெரு வீட்டில் மட்டும் அவர் சமமானவர்.

1815 ஏப்ரலில் திரும்பி வந்தார். 1816 ஜனவரி 17ஆம் நாள், புதன்கிழமை, சங்கத்தில் தம் முதற் சொற்பொழிவை ஆற்றினார். பருப்பொருளின் பொதுப் பண்புகளே பொருள். வேதியியல் பற்றிய தொடர் சொற்பொழிவுகள் பின்தொடர்ந்தன. 1817இல் அறிவு பெறும் வழிகளையும் அதற்குச் சங்கத்தின் அமைப்பு அளிக்கும் வாய்ப்புகளையும் பற்றிப் பேசினார். 1818 ஜூலையில் மனத்தின் சோம்பலைப் பற்றிப் பேசினார். பிற்காலத்தில் ஐரோப்பாவே வியந்த பேச்சாளர் அரங்கேறியது இம்முப்பது நாற்பது பேர் முன்னிலையில்தான்.

சங்கத்தில் கவிஞர்களும் இருந்தனர். புகழ்பெற்ற பழங்கவிஞரின் பெயரையே கொண்ட டிரைடன் என்னும் உறுப்பினர், 1816 அக்டோபரில் நடந்த கூட்டமொன்றைச் செய்யுளாக வருணித்தார். எளிய தோற்றமும் தூய உடையும் அடக்கமும் எல்லை காணாத சிந்தனையும் உடைய இளைஞராகப் பாரடே அதில் காட்சி தருகிறார். எந்தப் பெரிய கண்டுபிடிப்பும் அப்போது அவர் பெயரில் இல்லை. உலகம் காண்பதற்கு ஐந்தாண்டு முன்னரே, உடன் அமர்ந்திருந்த செய்யுளாசிரியர் அவரைக் கண்டுகொண்டார்.

ஐவரின் கையெழுத்து நூல்

சங்கத்துக்குள்ளேயே இன்னும் நெருக்கமான ஒரு சிறு குழு அமைந்தது. ஆறேழு பேர் பாரடேயின் மாடி அறையில் கூடி, உரக்கப் படித்து, ஒருவர் உச்சரிப்பை மற்றவர் திருத்தி, வாக்கிய அமைப்பில் பிழை காட்டினர். இப்பழக்கம் பல ஆண்டுகள் நீடித்தது. 1818இல் பாரடேயும் நண்பர் நால்வரும் இதனினும் ஒரு படி மேலே சென்றனர். ஒவ்வொருவரும் குறித்த காலத்தில் ஒரு கட்டுரையோ செய்யுளோ எழுதித் தர வேண்டும்; அவை ஒரே ஏட்டில் படியெடுக்கப்படும்; எழுதியவர் பெயர் குறிக்கப்படாது. கையெழுத்து இதழ் நடத்திப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் நுட்பம் புரியும். பெயர் இல்லாததால் முகத்துக்காகப் புகழவும் இயலாது. பகைக்காக இகழவும் இயலாது. எழுத்து மட்டுமே எதிரில் நிற்கும்.

ஐவருள் மக்ராத் ஒருவர். வெள்ளித் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த எட்வர்டு பர்னார்டு மற்றொருவர். பாரடேயின் குறிப்பேட்டில் காதலைப் பழித்து எழுதிய செய்யுள் ஒன்றை இந்தப் பர்னார்டு பார்த்துவிட்டு, தம் தங்கை சாராவிடம் சொல்லிவிட்டார். சாரா அதைக் காட்டும்படி கேட்டார். பாரடே காட்ட மறுத்து, 1819 அக்டோபரில் தம் பழைய கருத்தைத் தாமே மறுத்து வேறொரு செய்யுள் எழுதி அனுப்பினார். 1821 ஜூன் 12ஆம் நாள் இருவருக்கும் திருமணம் நடந்தது. பாரடே நல்ல கவிஞர் என எவரும் சொல்லார். ஆயினும் அவர் யாத்த செய்யுள் பயனின்றிப் போகவில்லை.

மேலவையில் ஓர் எதிர்வாக்கு

1821 செப்டம்பரில், மின்னோட்டம் பாயும் கம்பியொன்றைக் காந்தத்தைச் சுற்றி இடைவிடாது சுழலச் செய்தார் பாரடே. மின்னோடிகளின் முன்னோடி அதுவே. அவ்வெற்றி அவருக்குப் பெருந்துன்பத்தையும் கொண்டுவந்தது. வொல்லாஸ்டன் என்னும் மூத்த அறிஞர் அதே துறையில் முன்னரே முயன்றிருந்தார். அவருடைய பெயரைக் குறிப்பிடாமல் பாரடே அவசரப்பட்டுக் கட்டுரையை வெளியிட்டுவிட்டார். கருத்தைத் திருடினார் என்ற முணுமுணுப்பு எழுந்தது. அவசரம் பாரடேயின் பிழை. திருட்டு அவரிடம் இல்லை. அவர் நேரே வொல்லாஸ்டனை அணுகித் தம் நிலையை விளக்கினார். ஆனாலும் வடு ஆறவில்லை. 1823இல் நண்பர் ரிச்சர்டு பிலிப்ஸ் முயற்சியால் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவிக்குப் பாரடேயின் பெயர் முன்மொழியப்பட்டபோது, அதன் தலைவராயிருந்த டேவியே எதிர்த்தார். விண்ணப்பத்தை விலக்கிக்கொள்ளுமாறும் வற்புறுத்தினார். பாரடே இணங்கவில்லை. 1824 ஜனவரி 8ஆம் நாள், ஒரே ஓர் எதிர்வாக்குடன், தேர்வு நிறைவேறியது.

நாட்டின் மிக உயர்ந்த அறிஞர் அவையும் டார்செட் தெருச் சங்கமும் அருகருகே வைத்து எண்ணத்தக்கவை. ஒன்றில் பெருமை மிகுதி, பொறாமையும் இருந்தது. மற்றொன்றில் பெருமை ஏதுமில்லை. திருத்துவோரும் திருத்தப்படுவோரும் மாறி மாறி இடம் கொண்டனர். அந்தச் சிறு சங்கம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. அங்கே பெற்ற பழக்கங்கள் மட்டும் பாரடேயிடம் ஆயுள் முழுதும் நிலைத்தன.

திறந்த கதவு

ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேசத் தொடங்கிய காலத்தில், தம் உச்சரிப்பிலும் நடையிலும் குறை காணும் பொருட்டு மக்ராத்தைக் கேட்போர் நடுவே அமரச் செய்தார். வேகமாகப் பேசும்போது நிதானத்தை நினைவூட்டும் அட்டையொன்றை உதவியாளர் எதிரில் வைப்பார். நேரம் முடியும்போது வேறோர் அட்டை வரும். 1824இல் அதினியம் என்னும் அறிஞர் மன்றம் தோன்றியபோது முதற் செயலாளராயிருந்த பாரடே, விரைவில் அப்பொறுப்பை மக்ராத்திடம் ஒப்படைத்தார். பழைய தோழர் அப்பதவியில் பல்லாண்டுகள் பணியாற்றினார்.

1826இல் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளைப் பாரடே தொடங்கிவைத்தார். சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 1827க்கும் 1860க்கும் இடையில் பத்தொன்பது முறை அவரே நிகழ்த்தினார். அவற்றுள் மெழுகுவத்தியைப் பற்றிய சொற்பொழிவுகள் 1861இல் நூலாகி உலகெங்கும் பரவின. புதன்கிழமையில் பெற்றதை வெள்ளிக்கிழமையில் திருப்பிச் செலுத்தினார் எனலாம்.

1831 ஆகஸ்டு 29ஆம் நாள், இரும்பு வளையத்தின் இரு பக்கமும் கம்பி சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மற்றொன்றில் கணநேர மின்னோட்டம் தோன்றுவதைக் கண்டார். அக்டோபரில், கம்பிச்சுருளுக்குள் காந்தத்தைச் செலுத்தியும், காந்த முனைகளுக்கிடையே செப்புத் தட்டைச் சுழற்றியும் மின்சாரம் பெற்றார். மின்மாற்றியும் மின்னாக்கியும் அந்த இலையுதிர் காலத்தில் கருக்கொண்டன.

புகழின் உச்சியிலும் பிறரிடம் கேட்கும் பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை. மின்னாற்பகுப்பு ஆய்வுகளுக்குப் புதுச்சொற்கள் தேவைப்பட்டபோது, தாமே புனைந்து திருப்தி கொள்ளாமல், கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹியூவெலை நாடினார். ஆனோடு, கேத்தோடு, அயான் என்னும் சொற்கள் 1834இல் அவ்வாறு பிறந்தன. 1857இல் இளைஞர் மாக்ஸ்வெல், பாரடேயின் விசைக்கோடுகளைக் கணித மொழியில் எழுதி அனுப்பியபோது, அறுபத்தைந்து வயதுப் பெரியவர் மகிழ்ந்து, அம்முடிவுகளை எளிய மொழியிலும் சொல்லுமாறு வேண்டினார். 1854இல் மனக்கல்வி பற்றி ஆற்றிய சொற்பொழிவில், மனிதர் தம் விருப்பத்துக்கேற்பத் தம்மையே ஏமாற்றிக்கொள்ளும் இயல்பினர் என்றும், தாம் தவறக்கூடும் என அறிவதே தீர்ப்புத்திறனின் தொடக்கம் என்றும் விளக்கினார். மாடி அறையில் ஐவர் கூடிப் பிழை திருத்திய நாட்களின் சாரம் அது.

கூட்டத்தோடு வாழ்ந்தவருக்குக் கூட்டத்தால் வரும் வேதனையும் தெரியும். அவர் சார்ந்திருந்த சாண்டிமேனியர் என்னும் சிறு கிறித்தவச் சபை, 1844இல் ஐந்து வாரங்கள் அவரை விலக்கி வைத்தது. அவர் வெளியேறிப் புதுச்சபை தேடவில்லை, காத்திருந்து திரும்பினார். பட்டங்களையும் ராயல் சொசைட்டித் தலைமையையும் ஏற்க மறுத்தவர், சிறிய சபையொன்றின் உறுப்பினராயிருப்பதை இழக்க விரும்பவில்லை.

இறுதி ஆண்டுகளில் நினைவாற்றல் தேய்ந்தது. 1867 ஆகஸ்டு 25ஆம் நாள், ஹாம்ப்டன் கோர்ட்டில் அரசி அளித்திருந்த வீட்டில், நாற்காலியில் அமர்ந்தவாறே உயிர் நீத்தார். ஹைகேட் இடுகாட்டில் பெயரும் தேதிகளும் மட்டும் பொறித்த எளிய கல் நிற்கிறது.

எழுத்தர் ஆபட், நண்பருடைய கடிதங்களைப் பத்திரமாகக் காத்துவந்தார். பாரடேயின் இளமையைப் பற்றி இன்று தெரிந்தவற்றுள் பெரும்பகுதி அவர் பாதுகாத்த தாள்களிலிருந்து வந்ததே. ஐவர் பெயரின்றி எழுதிய கையெழுத்து நூல், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 2008இல் அச்சேறியது. அதிலுள்ள கட்டுரைகளும் செய்யுள்களும் பெரும்பாலும் எளியவை. அவற்றை எழுதியவர்களுள் நால்வர் புகழ் பெறவில்லை. ஐந்தாமவர் அவர்களிடையே அமர்ந்து எழுதக் கற்றார்.